ஒரே ஒரு டிராக் அலகு: டி-பிரேன்கள் பற்றிய 1995-ஆம் ஆண்டுக் கட்டுரையை மீண்டும் வாசித்தல்

டி-பிரேன்களின் வரலாறு பெரும்பாலும் ஒரு தாமதத்தின் கதையாகவே எழுதப்படுகிறது. டாய், லீ, போல்சின்ஸ்கி மூவரும் 1989-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே எல்லாம் இருந்தது, துறை ஆறு ஆண்டுகள் கவனிக்கவில்லை, 1995 அக்டோபரில் போல்சின்ஸ்கி அதை நினைவூட்டினார் என்பது அந்த வாசிப்பு. இன்னொரு சாரார், 1995-இல் கண்டது ரமோண்ட்–ரமோண்ட் ஊட்டம் என்று சொல்லி அதோடு நின்றுவிடுகிறார்கள். முன்னது தவறு என்றே கருதுகிறேன். பின்னது சரி, ஆனால் போதாது. ஊட்டம் உண்டு என்பதைவிட, அது எவ்வளவு என்பதே அந்தக் கட்டுரையின் உயிர்.

1989-இல் கையில் இருந்தவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சுருட்டப்பட்ட பரிமாணத்தின் ஆரம் பூச்சியத்தை நெருங்கும்போது திறந்த இழையின் முனைகள் ஒரு தளத்தில் (டி-பிரேனில்) ஒட்டிக்கொள்கின்றன. அளவிப் புலத்தின் ஒரு கூறே அத்தளத்தின் இருப்பிடமாக மாறுவதால், தளம் விறைத்து நிற்பதில்லை, அசைகிறது. அதே ஆண்டில் லீ அதன் டிராக்–பார்ன்–இன்ஃபெல்ட் வினையைப் பெற்றார். இழுவிசை இழைப் பிணைப்பு மாறிலிக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைவது அதிலேயே தெரிகிறது. ஹோராவாவும் தனியே இவ்விடத்தை எட்டியிருந்தார். யார் முந்தியவர் என்பது இங்கே என் கேள்வி அல்ல.

ஆனால் அந்தத் தளம் அப்போது திறந்த இழைக் கோட்பாட்டின் ஓர் எல்லை நிலையில் எதிர்ப்பட்ட பொருள். இரண்டாம் வகை மூடிய இழைக் கோட்பாடுகளுக்கு அது உள்ளார்ந்ததா, வெளியிலிருந்து ஒட்டவைத்ததா என்று கேட்க அன்று காரணமே இல்லை. ஹல்லும் டவுன்சென்டும் 1994-இலும், விட்டன் 1995-இன் தொடக்கத்திலும் இருமைகளை முன்வைத்த பிறகே, ரமோண்ட்–ரமோண்ட் ஊட்டத்தைச் சுமப்பவை எவை என்ற கேள்வி தலைக்கு மேல் வந்து நின்றது. இழை அந்த ஊட்டத்தைச் சுமப்பதில்லை. ஹொரோவிட்ஸும் ஸ்ட்ரோமிஞ்சரும் 1991-இல் கண்ட கரும் பிரேன்கள் சுமக்கின்றன. ஆனால் அவை குவாண்டம் சாராத சமன்பாடுகளின் தீர்வுகள். அவற்றின் ஊட்டம் எவ்வளவாகவும் இருக்கலாம், மிகச் சிறிய அலகு எது என்பதை அவை சொல்லா.

அந்த அலகைச் சொன்ன 1995-ஆம் ஆண்டுக் கட்டுரையின் கணக்கு இதுதான். இரு பிரேன்கள் இணையாக நிற்கின்றன, இடையே ஒரு வளையப் பரப்பு. ஒரு திசையில் பார்த்தால் அது சுற்றிவரும் திறந்த இழை, மறுதிசையில் பார்த்தால் ஒரு பிரேனிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் மூடிய இழை. யாக்கோபியின் முற்றொருமையால் மொத்த வீச்சு பூச்சியம். ஈர்ப்பும் டைலட்டானும் இழுப்பதை ரமோண்ட்–ரமோண்ட் புலத்தின் விலக்கம் சரிக்கட்டுகிறது. பலர் இங்கேயே வாசிப்பை முடித்துக்கொள்கிறார்கள். விலக்கத்தை மட்டும் தனியே பிரித்து அளந்தால், பி பரிமாணப் பிரேனின் ஊட்டத்தினுடைய வர்க்கம் 2 பை பெருக்கல் (4 பை வர்க்கம் ஆல்ஃபா பிரைம்) என்பதன் (3 − பி) அடுக்கு என்று வருகிறது; ஆல்ஃபா பிரைம் என்பது இழையின் நீள அளவை நிர்ணயிக்கும் மாறிலி. மின், காந்த ஊட்டங்களின் பெருக்கற்பலனைக் கட்டுப்படுத்தும் டிராக் நிபந்தனையில் ஒரு பிரேனுக்குக் காந்த இணை (6 − பி) பரிமாணப் பிரேன். இரண்டின் ஊட்டங்களையும் பெருக்கினால் ஆல்ஃபா பிரைம் மறைந்து, 2 பை மட்டும் மிஞ்சுகிறது. பி = 3 எனும்போது பிரேன் தனக்குத் தானே இணை, அங்கே ஆல்ஃபா பிரைம் தொடக்கத்திலேயே இல்லை.

ஆல்ஃபா பிரைம் மறைவது வியப்பல்ல, அலகுகளைச் சரிபார்த்தாலே அது கிடைக்கும். வியப்பு அந்த 2 பை. டிராக் நிபந்தனை 2 பையின் ஏதேனும் ஒரு முழு எண் மடங்கைக் கேட்கிறது, கிடைத்தது 1. இந்தக் கணக்கில் டிராக் நிபந்தனை எங்கும் நுழைக்கப்படவில்லை. உள்ளே போனவை திறந்த இழையின் அதிர்வு நிலைகள் மட்டுமே. மடங்கு 2 என்று வந்திருந்தால், பாதி ஊட்டம் கொண்ட வேறொன்று கோட்பாட்டில் எங்கோ ஒளிந்திருக்க இடம் இருந்திருக்கும், டி-பிரேன் ஒரு கூட்டுப்பொருளாகவும் இருந்திருக்கலாம். 1 என்று வந்ததால் அந்த இடம் அடைபட்டது. இரு இணைகளும் இருக்கும் உலகில், அவற்றில் ஒன்றின் ஊட்டத்தில் பாதியைச் சுமக்கும் எதுவும் இருக்க முடியாது. போல்சின்ஸ்கி இதை வலுவான சான்று என்ற அளவில்தான் வைத்தார், நிரூபணம் என்று சொல்லவில்லை. அந்த அடக்கம் முறையானதே, ஆனால் சான்றின் கனம் அதனால் குறைந்துவிடவில்லை.

வெவ்வேறு பிரேன்களின் ஊட்ட விகிதங்களை டி-இருமையே கட்டிவிடுகிறது, ஆகவே சோதிக்கப்பட்டது ஒரே ஓர் எண்தான் என்று ஒரு மறுப்பு உண்டு. ஒப்புக்கொள்கிறேன். இங்கே பேசப்படும் உள்ளார்ந்த தன்மைக்கு அந்த ஓர் எண் போதும். கணக்கு வலுக்குறைந்த பிணைப்பில் மட்டுமே செல்லும் என்பது இன்னொரு மறுப்பு. பாதி மீச்சமச்சீர்மை எஞ்சியிருப்பதால் ஊட்டத்துக்கும் இழுவிசைக்கும் உள்ள பிணைப்பு வலுத்த பிணைப்பிலும் குலைவதில்லை, இதில் நீளமாக வாதிட எதுவும் இல்லை.

என் வாசிப்புக்கு உண்மையான இடர் பி = 8-இல் இருக்கிறது. அதன் காந்த இணை −2 பரிமாணப் பொருளாக இருக்க வேண்டும், அப்படி ஒன்று இல்லை. பெருக்கற்பலன் சோதனை அங்கே பற்றுவதில்லை. அந்தப் பிரேனின் ஊட்டத்தைத் தாங்கும் ஒன்பது வடிவ நிலைப்புலத்தையும் இதே கட்டுரைதான் சுட்டியது. அதோடு சேர்வது ரோமன்ஸ் 1986-இல் எழுதிய, நிறை கொண்ட பத்துப் பரிமாண மீயீர்ப்பு. அதன் நிறை மாறிலி தனித்தனிப் படிகளாகத்தான் மாறும் என்பதை டி-இருமை வழியே ஏனைய பிரேன்களிடமிருந்து கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அலகு பற்றிய வாதம் அங்கே நேரடிச் சான்றாக இல்லாமல், வழிவழி வந்த சான்றாகவே நிற்கிறது.