குண்டு விழுந்த எல்லை: தேவனாம்பட்டினமும் பழைய கடலூர்த் திருச்சபையும்

கடலூர் நகரின் கீழ்ப்புறத்தில், கெடிலம் ஆறு கடலை அணுகும் இடத்தருகே தேவனாம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் அமைந்துள்ளது. வெள்ளிக் கடற்கரையைக் காண வருவோர் பலர். அருகே நின்ற புனித தாவீது கோட்டையின் சிதைவுகளைத் தேடி வருவோர் மிகச் சிலரே. இப்பெயர் சங்கீதக்காரராகிய தாவீதரசரைக் குறிப்பதன்று. வேல்சு நாட்டின் காவற் புனிதரைக் குறிப்பதென்பர்.

1690ஆம் ஆண்டில், செஞ்சியிலிருந்த மராத்திய அரசர் இராஜாராமிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனியார் இக்கோட்டையை விலைக்கு வாங்கினர். அப்போது சென்னையின் ஆளுநர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுவரையுள்ள நிலம் கம்பெனிக்கு உரியது என்பது உடன்படிக்கை. பெரிய பீரங்கியொன்றைச் சென்னையிலிருந்து வருவித்து நாற்புறமும் சுட்டனர். அவ்வெல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. அந்நிலத்தில் உழுதவரையும் வலை வீசியவரையும் எவரும் கேட்கவில்லை. விற்றவரும் வாங்கியவரும் பேசி முடித்துக்கொண்டனர்.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபின், 1752வரை இக்கோட்டையே கம்பெனியின் தென்னாட்டுத் தலைமையிடமாக விளங்கியது. 1756இல் கிளைவ் இதன் ஆளுநரானார். இவற்றைப் பாடநூல்களே கூறுமாதலால் விரிக்க வேண்டுவதில்லை.

நமக்கு நெருக்கமான செய்தி வேறு. 1737இல் சர்த்தோரியுஸ், கைஸ்டர் என்னும் ஜெர்மானிய அருட்பணியாளர் இருவர் சென்னையிலிருந்து கடலூருக்கு வந்து பணி தொடங்கினர். சர்த்தோரியுஸ் மறு ஆண்டே இவ்வூரில் மரித்தார். 1740இல் சுவீடன் நாட்டவரான கீர்னாண்டர் வந்து சேர்ந்தார். 1749இல் கம்பெனியார் அவருக்கு ஓர் ஆலயத்தை அளித்தனர். அது புதிதாகக் கட்டப்பட்டதன்று. உரோமன் கத்தோலிக்கக் குருமார் பிரெஞ்சுக்காரருக்குத் துணைநின்றனர் என ஐயுற்று, அவர்களை அகற்றி, அவர்களுடைய ஆலயத்தையே எடுத்துக் கொடுத்தனர். பின்னர் வேப்பேரியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. நம் சபைகளின் பழைய வரலாறுகள் இதனைத் தேவ கிருபை என்றே குறித்துச் செல்கின்றன. வெளியேற்றப்பட்ட சபையாரும் தமிழரே. அவர்களும் அவ்வாலயத்தில் மன்றாடியவர்களே. போரில் வென்றோர் பறித்துக் கொடுத்ததை நன்கொடை என்று எழுதுவது வரலாற்றுக்கும் தகாது, சாட்சிக்கும் தகாது என்பதே நம் கருத்து.

கொடுத்தவர்களின் ஆட்சியும் நிலைக்கவில்லை. 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை கடலூரையும் கோட்டையையும் கைப்பற்றிக் கோட்டையைத் தகர்த்தது. கீர்னாண்டர் தரங்கம்பாடிக்குச் சென்று, அங்கிருந்து கல்கத்தா போய்ச் சேர்ந்தார். 1770இல் அந்நகரில் ஓர் ஆலயத்தைக் கட்டி முடித்தார். கடலூரின் சிறு சபையை ஹுட்டெமானும், 1767முதல் கெரிக்கேயும் காத்துவந்தனர்.

1782இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வந்தனர். இம்முறை ஆலயமே வெடிமருந்துக் கிடங்காயிற்று. அக்காலத்தில் இத்தகைய நிலை ஒரு சமயத்தார்க்கு மட்டும் நேர்ந்ததன்று. அதற்கு முந்திய ஆண்டு சூன் திங்களில் சிதம்பரம் நடராசர் கோயில் ஐதரலியின் படைவீரர்க்கு அரணாயிருந்தது. அதைத் தாக்கிய அயர் கூட் தோல்வியுற்றுத் திரும்பினார். மதில் உயர்ந்திருந்தால் போதும், அது யார் வழிபடும் இடம் என்று படைத்தலைவர்கள் பார்க்கவில்லை. 1783இல் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டனர். கடலில் சூஃப்ரானும் இயூசும் பொருதனர். ஐரோப்பாவில் சமாதானம் ஆயிற்று என்னும் செய்தி வந்தபின்னரே இங்குப் போர் ஓய்ந்தது. 1785இல் ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பியது.

இன்று கடலூரில் லாரன்ஸ் சாலை, இம்பீரியல் சாலை என்னும் பெயர்கள் வழங்குகின்றன. குண்டு கிராமங்களின் கதையை முதியோர் சிலரேனும் சொல்லக் கேட்டு எழுதிவைத்தல் நன்று. கோட்டை மீண்டும் எழவில்லை. அதனருகே வாழ்ந்த மீனவர் ஊரோ, 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் மக்களையும் படகுகளையும் இழந்தபின்னும், அதே கரையில் இருந்து கடலுக்குச் சென்று வருகிறது.