விழிமேல் ஒரு வில்லை



மூக்கின்மேல் அமரும் கண்ணாடியை நாம் அனைவரும் அறிவோம். கருவிழியின் மேலேயே அமரும் மெல்லிய வில்லையை இன்று விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களிலும் கேட்டுப் பெறும் காலம் வந்துவிட்டது. முகையூர் போன்ற சிற்றூர்களிலிருந்து நகரத்துக் கல்லூரிக்குச் செல்லும் இளைஞரும் அதனை விரும்புகின்றனர். 'காண்டாக்ட் லென்ஸ்' என்று எல்லோரும் வழங்கும் அதனைத் தொடுவில்லை என்று தமிழில் சொல்லலாம். விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் அச்சிறு பொருளுக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றன. பார்வைக் குறையை அறிஞர்கள் வென்றது ஓர் இழை. வென்ற இடத்திலேயே நோய் புகுந்தது மற்றோர் இழை. இரண்டையும் சேர்த்து அறிந்தவரே அவ்வில்லையை அணியத் தகுதி உடையவர் என்பது என் கருத்து.

முதலில் அக்குறை யாது என்று பார்ப்போம். கண்ணின் முகப்பில் உள்ள கருவிழிப்படலம் பந்தின் புறத்தைப் போல எத்திசையிலும் ஒரே வளைவாக இருத்தல் வேண்டும். சிலருக்கு அது கோழிமுட்டையின் பக்கவாட்டைப் போல ஒரு திசையில் மிகுந்தும், அதற்குக் குறுக்கான திசையில் குறைந்தும் வளைந்திருக்கும். அத்தகைய கண்ணில் ஒளிக்கதிர்கள் ஒரு புள்ளியில் வந்து கூடுவதில்லை. கட்டம் போட்ட தாளைப் பார்த்தால் குறுக்குக் கோடுகள் தெளிந்தும் நெடுக்குக் கோடுகள் மங்கியும் தோன்றலாம். இதனையே பார்வைச் சிதறல் குறைபாடு என்கிறோம். கிட்டப்பார்வை உடையவனுக்குத் தொலைவு மட்டுமே மங்கும். சிதறல் உடையவனுக்கோ தொலைவும் அண்மையும் ஒருங்கே தடுமாறும். வகுப்பறையில் தலையைச் சாய்த்தும் கண்ணைச் சுருக்கியும் கரும்பலகையைப் பார்க்கும் பிள்ளைகளை ஆசிரியர் எவரும் கண்டிருப்பர். அவர்களுள் பலர் மந்தபுத்தி உடையவர் அல்லர். கண் சோதனை செய்யப்பெறாதவர்.

இக்குறையை முதன்முதல் ஆராய்ந்து எழுதியவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் தாமஸ் யங் ஆவார். 1801ஆம் ஆண்டில் அவர் தம் கண்ணையே சோதனைப் பொருளாக்கினார். நீர் நிறைந்த சிறு குழாயின் முனையில் ஒரு வில்லையைப் பொருத்தி, அந்நீர் தம் கருவிழியைத் தொடுமாறு வைத்துப் பார்த்தார். நீர் படிந்தவுடன் கருவிழியின் வளைவுக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஆயினும் சிதறல் நீங்கவில்லை. ஆகவே தம் குறை கருவிழியில் இல்லை, அதற்கு உள்ளே இருக்கும் விழிவில்லையில் உள்ளது என்று முடிவு கட்டினார். சிதறல் அனைத்தும் ஓரிடத்தில் பிறப்பதன்று என்னும் இவ்வுண்மை இன்றும் மருத்துவர்க்கு வழிகாட்டுகிறது.

அடுத்து வந்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து இளைஞர் ஜார்ஜ் ஏரி. அவருடைய இடக்கண் படிப்பதற்குப் பயன்படவில்லை. அவர் அட்டையில் ஊசித்துளை இட்டு, அதன் வழியே வந்த ஒளிப்புள்ளியைப் பல தொலைவுகளில் வைத்து நோக்கினார். ஒரு தொலைவில் புள்ளி ஒரு கோடாகவும், மற்றொரு தொலைவில் அதற்குச் செங்குத்தான வேறொரு கோடாகவும் தோன்றிற்று. அவ்வளவுகளைக் கொண்டு, ஒரு புறம் உருளையைப் போல வளைந்த வில்லையைக் கணக்கிட்டு, இப்ஸ்விச் நகரத்துக் கைவினைஞர் ஒருவரிடம் செய்வித்துக்கொண்டார். 1825ஆம் ஆண்டில் அவர் அறிவித்த இவ்வுருளை வில்லையே, இன்று உங்கள் கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்றும் 'ஆக்சிஸ்' என்றும் எழுதப்படும் இரண்டு எண்களுக்கும் தாய். சிலிண்டர் என்பது குறையின் அளவு. ஆக்சிஸ் என்பது அது நிற்கும் திசை.

வில்லையை மூக்கின்மேல் அன்றி விழியின்மேலேயே அமர்த்தும் முயற்சி அந்நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிற்று. 1888ஆம் ஆண்டில் சூரிச் நகரத்து மருத்துவர் அடால்ஃப் ஃபிக், கண்ணாடியாலான வில்லைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். முயலின் கண்ணிலும், பின்னர்த் தம் கண்ணிலும் அவர் அவற்றைச் சோதித்தார். அவை வெண்விழியையும் மூடும் அளவு பெரியவை. சில மணி நேரத்திற்கு மேல் தாங்க இயலாதவை. 1948ஆம் ஆண்டில் அமெரிக்கரான கெவின் டூஹி, கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் வில்லையை அமைத்தார். கடினமான அவ்வில்லை தன் உருண்டை வடிவத்தை விடுவதில்லை. அதற்கும் கருவிழிக்கும் இடையே உள்ள பள்ளத்தைக் கண்ணீர் நிரப்பிவிடும். அதனால் கருவிழியில் தோன்றிய சிதறல் பெரும்பாலும் தானே மறையும். ஆயினும் உறுத்தல் நீங்கவில்லை.

உறுத்தலை நீக்கியவர் செக் நாட்டு வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே. நீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் ஒரு பொருளை அவரும் அவருடைய துணைவர் டிரகோஸ்லாவ் லிம் என்பாரும் கண்டறிந்து, 1960ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். அதனை வில்லையாக வார்ப்பதுதான் அரிதாயிற்று. 1961ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில், பிராக் நகரத்துத் தம் வீட்டில், பிள்ளைகள் விளையாடும் இரும்புப் பொறித்துண்டுகளையும் மிதிவண்டி டைனமோவையும் இணைத்து ஒரு சுழற்பொறியை அமைத்தார். சுழலும் அச்சில் ஊற்றிய குழம்பு வில்லையாக இறுகிற்று. பெரிய ஆய்வுக்கூடத்தில் நிறைவேறாதது சமையலறை மேசையில் நிறைவேறியது! 1971ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மென்வில்லைக்கு இசைவு தந்தது. அதன்பின் அஃது உலகெங்கும் பரவிற்று.

ஆனால் மென்மைக்கு ஒரு விலை இருந்தது. மென்வில்லை ஈரத்துணி போலக் கருவிழியின் மேல் படிந்துவிடும். கருவிழி முட்டை வடிவாயின் வில்லையும் முட்டை வடிவே ஆகும்; சிதறல் அப்படியே நிற்கும். ஆகவே ஏரியின் உருளை வளைவை மென்வில்லையிலும் பொதிந்து 'டோரிக்' வில்லை என ஒன்றை அமைத்தனர். மூக்குக்கண்ணாடியைச் சட்டம் பிடித்துக்கொள்ளும். கண்ணீரில் மிதக்கும் வில்லையை எது பிடிக்கும்? இமை சிமிட்டுந்தோறும் அது சுழன்றுவிடுமே! வில்லை தன் திசையினின்று 10 பாகை திரும்பினாலே திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். 30 பாகை திரும்பினால் வில்லை போட்டும் போடாதது போலவே சிதறல் எஞ்சும். இதற்கு அறிஞர் கண்ட வழி அழகானது. ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கு இடையே அழுத்தினால் அது மெல்லிய பக்கத்தை விட்டு நழுவி ஓடும் அன்றோ? அதுபோல, வில்லையின் சில பகுதிகளைத் தடிப்பாக்கி வைத்தால் இமைகளின் அழுத்தமே அதனை உரிய நிலைக்குத் தள்ளி நிறுத்திவிடும்.

ஆதலின், வில்லையைத் தேர்ந்தெடுப்பது கடையில் வளையல் பொறுக்குவது போன்ற செயல் அன்று. கருவிழியின் வளைவை அளந்து, வில்லையை அணிவித்து, சிறிது நேரம் கழித்து அது திரும்புகிறதா என்று பார்த்து, அதன்பின்னரே எண் எழுதுதல் வேண்டும். மூக்குக்கண்ணாடியின் சீட்டு இதற்குப் போதாது. சிதறல் மிகச் சிறிதாயின் சாதாரண மென்வில்லையே போதலாம். சற்று மிகுந்தால் டோரிக் வேண்டும். கருவிழி ஒழுங்கின்றிக் கூம்பியிருப்பின் காற்றுப் புகும் கடின வில்லையே ஏற்றது. இவற்றுள் எது என்பதை மருத்துவரே சொல்லுதல் வேண்டும். ஒரு நாள் அணிந்து எறிந்துவிடும் மென்வில்லை, செலவு மிகுந்தாலும், தூய்மைக்குச் சிறந்தது.

இனி இரண்டாம் இழைக்கு வருவோம். நீரை உறிஞ்சும் பொருள் நீரில் உள்ளதையும் வாங்கிக்கொள்ளும். கிணறு, குளம், குழாய், மண் ஆகிய எங்கும் 'அகாந்தமீபா' என்னும் ஒரு நுண்ணுயிர் வாழ்கிறது. 1980களில் அமெரிக்காவில் பலர் உப்பு மாத்திரையை வாலைவடிநீரில் கரைத்து வீட்டிலேயே வில்லைக்கு நீர் தயாரித்தனர். அந்நீர் பார்வைக்குத் தெளிந்ததே. ஆயினும் நுண்ணுயிரற்றது அன்று. அவர்களுள் சிலருடைய கருவிழியை அந்நுண்ணுயிர் அரித்தது. உறக்கத்திலும் வில்லையை அணிவோருக்கு வேறொரு தீங்கு வந்தது. 1989ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, பகலில் மட்டும் அணிந்தோரில் ஆண்டுக்குப் பதினாயிரவரில் ஏறத்தாழ 4 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. இரவிலும் அணிவதற்கென்ற வில்லையைப் பயன்படுத்தியோரில் ஏறத்தாழ 21 பேருக்கு வந்தது.

2005, 2006ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது இன்னும் பெரிய பாடம். சிங்கப்பூரில் வில்லை அணிந்த 66 பேருக்குப் பூஞ்சையால் கருவிழிப் புண் உண்டாயிற்று. அமெரிக்காவில் 164 பேருக்கு அந்நோய் உறுதிசெய்யப்பெற்றது. அவர்களுள் மூவரில் ஒருவருக்குக் கருவிழி மாற்று அறுவை தேவைப்பட்டது. பெரும்பாலோர் ஒரே வகைத் தூய்மைக் கரைசலைப் பயன்படுத்தியவர்கள். 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கரைசல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. திறவாத புட்டிகளில் பூஞ்சை காணப்படவில்லை. பயன்பாட்டில் கரைசலின் கொல்லும் ஆற்றல் குன்றியதும், பழைய கரைசலின் மேலேயே புதியதை ஊற்றும் பழக்கமும் அப்பூஞ்சைக்கு இடம் கொடுத்தன.

அப்பூஞ்சையின் பெயர் 'ஃபியுசேரியம்'. நம் தமிழ்நாட்டிற்கு அது புதியதன்று. 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். மூவரில் ஏறத்தாழ இருவருக்குக் கண்ணில் ஏதேனும் காயம் பட்டிருந்தது. நுண்ணுயிர் வளர்த்துக் காணப்பெற்றவருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பூஞ்சையே காரணம். அவற்றுள்ளும் ஃபியுசேரியமே முதலிடம் பெற்றது. சிங்கப்பூரில் அலுவலகம் செல்பவரின் கண்ணில் வில்லை வழியாகப் புகுந்த பகையே, நம் நாட்டில் வயலில் உழைப்பவரின் கண்ணில் காயத்தின் வழியாகப் புகுகிறது என்பதைச் சிந்தியுங்கள்.

நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் நம் வட்டாரத்தில் இவ்வெச்சரிக்கை இருமடங்கு தேவை. கரும்புத் தோகை கண்ணில் கீறுவதும், நெல் தூற்றும்போது உமி விழுவதும் நாள்தோறும் நிகழ்வன. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடும் வழக்கமும் முற்றும் ஒழியவில்லை; அது புண்ணுக்கு மேலும் கிருமியைச் சேர்க்கும். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து, சிவப்பைத் தணித்துவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். உரிய மருந்தை அறியும் முயற்சியும் நம் பகுதியிலேயே நடந்தது. மதுரை, கோயம்புத்தூர், புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நிகழ்த்திய ஆய்வின் முடிவு 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. விலை மிகுந்த புது மருந்தாகிய வோரிகோனசோலினும், பழைய நாட்டாமைசின் என்னும் சொட்டு மருந்தே ஃபியுசேரியத்திற்குச் சிறந்தது என்று அது நிறுவிற்று. உலகம் அம்முடிவை நம்மிடமிருந்து கற்றது.

வில்லை அணிய விரும்பும் மாணவர் மனத்தில் கொள்ள வேண்டுவன சில. சோப்பிட்டுக் கைகழுவி, உலர்த்திய பின்னரே வில்லையைத் தொடுக. குழாய்நீர், கிணற்றுநீர், எச்சில் எதுவும் வில்லையில் படலாகாது. குளிக்கும்போதும், பம்புசெட்டிலோ ஏரியிலோ நீந்தும்போதும், உறங்கும்போதும் அதனைக் கழற்றுக. நாள்தோறும் பழைய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதியது ஊற்றுக. சிமிழைக் காயவைத்து, மூன்று மாதத்திற்கு ஒரு முறை மாற்றுக. பிறருடைய வில்லையை அணியற்க. களத்து வேலையின்போது மூக்குக்கண்ணாடியே நல்ல காவல். சென்னையின் பெயரைத் தாங்கிய 'மெட்ராஸ் ஐ' வந்தாலும் அது தீரும் வரை வில்லையை நீக்கி வைத்தல் வேண்டும். வலி, சிவப்பு, வெளிச்சத்தைக் காணக் கூசுதல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே வில்லையைக் கழற்றி, அதனை எறியாமல் சிமிழோடு எடுத்துக்கொண்டு அன்றே கண் மருத்துவரிடம் செல்க. நாளை பார்ப்போம் என்று கடத்தும் ஓர் இரவில் கருவிழியில் தழும்பு விழுந்துவிடலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் இல்லை.

யங்கும் ஏரியும் தம் கண்ணையே சோதித்துப் பெற்ற அறிவு நமக்கு எளிதில் கிடைத்துவிட்டது. அவ்வறிவை வில்லையாக அணிவதற்குப் பணம் வேண்டும். அதனைக் காப்பதற்கோ கழுவிய கையும் ஒழுங்கும் வேண்டும். பணம் இல்லாதவன் மூக்குக்கண்ணாடியால் நன்கு பார்ப்பான். ஒழுங்கு இல்லாதவனை எவ்வளவு விலையுயர்ந்த வில்லையும் காப்பாற்றாது. உங்களுள் யாருக்கேனும் கோடுகள் மங்கித் தோன்றுமாயின், நாணாமல் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் இன்றே சொல்லுங்கள். வில்லையா, கண்ணாடியா என்பதை அதன்பின் மருத்துவரோடு அமர்ந்து முடிவு செய்யலாம்.