வழுவும் பிழையும்

அளவுகருவி பூச்சியத்தில் நிற்காவிட்டால் இலங்கைப் பௌதிகவியல் மாணவர் அதைப் ‘பூச்சிய வழு’ என்பார். தமிழ்நாட்டுப் பாடநூல் ‘சுழிப்பிழை’ என்கிறது. கணினி வந்தபோதும் இந்தப் பிரிவு தொடர்ந்தது. நாவலப்பிட்டியில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைக்குப் பணிசெயல் முறைமை காட்டுவது வழு. சிங்கள மொழிமூலம் படிக்கும் பிள்ளைக்கு அது ‘தோஷய’. கடைத்தெருவில் இரண்டும் இல்லை, “எரர் காட்டுது” என்பதோடு சரி.

பிழை முதலில் குறி தப்புவது. திருக்குறளில் 772ஆம் குறள், யானைமேல் எறிந்து தப்பிய வேலுக்கு இச்சொல்லை ஆள்கிறது. குறி தப்பினால் தவறு, சாவு தப்பினால் உயிர் பிழைத்தல், அதிலிருந்து பிழைப்பு. இன்றைய பேச்சிலோ குற்றப் பொருளே மேலோங்கி நிற்கிறது: “பிழை உன்னிலதான்.”

வழு, வழுவு, வழுக்கு எல்லாம் ஓரினம். மழைக்காலத்தில் தேயிலைச் சரிவில் இறங்குகிறவரிடம் “பார்த்து, வழுக்கும்” என்கிறோமே, அந்தச் சறுக்கல்தான் அடிப்பொருள். இலக்கணம் அதை மொழியின் சறுக்கலுக்கு எடுத்துக்கொண்டது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என நன்னூல் ஏழாக வகுத்தது. ‘நேற்று வருவான்’ என்றால் கால வழு. எங்கே திருத்துவது என்பது பெயரிலேயே இருக்கிறது. இன்னும் புறப்படாதவர் ‘இதோ வந்துவிட்டேன்’ என்றால், விரைவு கருதி அதை வழுவமைதி என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. நிரல்மொழிகள் வழுவையும் எச்சரிக்கையையும் பிரிப்பது ஏறக்குறைய இதே முறை.

விண்டோஸ் 95இல் ஒரு நிரல் நொறுங்கினால், அது ‘சட்டவிரோதச் செயல்’ புரிந்துவிட்டதாகவும் மூடப்படும் என்றும் திரை அறிவித்தது. செல்லாத கட்டளை, தொடக்கூடாத நினைவகப் பகுதி போன்றவற்றுக்கான பொறியாளர் வழக்கு அது. வீட்டில் இருந்தவருக்கோ பொலிஸ் நினைவு. யுனிக்ஸில் முனையம் அல்லாத ஒன்றிடம் முனையத்துக்குரிய வேலையைக் கேட்டால், ‘தட்டச்சுப்பொறி அல்ல’ என்று பதில் வந்தது. தொலைத்தட்டச்சுக் கருவியில் கணினியோடு பேசிய காலத்தின் எச்சம் இது. முன்னது பழி சுமத்தியது. பின்னது வகையைச் சொல்லியும் விளங்கவில்லை.

தமிழில் செய்தி எழுதுகிறவர் ‘வழு ஏற்பட்டுள்ளது’ என்று நிறுத்தினால், இலக்கணத்திடமிருந்து சொல்லை மட்டும் கடன் வாங்கியவர் ஆகிறார். ‘வட்டில் இடமில்லை, கோப்பு சேமிக்கப்படவில்லை, வேறு வட்டைத் தெரிவுசெய்க’ என்பதில் வழு என்ற சொல்லே இல்லை. நன்னூலார் முறை இருக்கிறது.