யார் கொடுத்த காசு?

போன மாதம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தம்பி போனில் அழைத்தார். அங்கே பதினைந்து பேர் சேர்ந்து அம்பேத்கர் வாசகர் வட்டம் நடத்துகிறார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான இரண்டு மாணவர்களின் வழக்குச் செலவுக்கும் விடுதிக் கட்டணத்துக்கும் பணம் வேண்டும். "கிரவுட் ஃபண்டிங் போடலாம்னு இருக்கோம் அண்ணா. ஒரு நல்ல அப்பீல் எழுதிக் கொடுங்க" என்றார். கொஞ்சம் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். ஊர்ப் பெரியவர் ஒருவர் மொத்தத் தொகையையும் தானே தருவதாகச் சொல்கிறாராம். ஒரே நிபந்தனை: இனி வட்டம் எந்தக் கூட்டம் போட்டாலும் அவரைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும். "வாங்கிக்கலாமா அண்ணா?"

அப்பீல் எழுதுவதற்கு முன்னால் ஒரு கதை சொல்கிறேன் என்றேன். அதையே உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

எண்ணூறு டாலரில் தொடங்கியது

1960 பிப்ரவரி 1. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், கிரீன்ஸ்பரோ நகரம். நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் வுல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேடையில், வெள்ளையர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த இருக்கைகளில் போய் உட்கார்ந்தார்கள். காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும் வரை எழுந்திருக்கவில்லை. சில வாரங்களில் தென் மாநிலங்களின் பல நகரங்களுக்கு இந்த உள்ளிருப்புப் போராட்டம் பரவியது.

இந்த மாணவர்களை ஓரிடத்தில் கூட்ட வேண்டும் என்று நினைத்தவர் எல்லா பேக்கர். அப்போது அவர் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். அந்த அமைப்பிடமிருந்து 800 டாலர் பெற்று, தான் படித்த ஷா பல்கலைக்கழகத்தில் ஏப்ரல் மாதம் மாநாட்டைக் கூட்டினார். மாணவர்களைத் தங்கள் அமைப்பின் இளைஞர் அணியாக்கிவிடலாம் என்று பெரியவர்கள் சிலர் எதிர்பார்த்தார்கள். எல்லா பேக்கர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாணவர்கள் தங்கள் முடிவைத் தாங்களே எடுக்கட்டும் என்றார். அப்படிப் பிறந்ததுதான் எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு. 'ஸ்னிக்' என்று அழைப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள் தோழர்களே. மாநாட்டுக்குப் பணம் கொடுத்தது பெரிய அமைப்பு. ஆனால் அந்தப் பணத்தோடு சேர்த்து மாணவர்களை எழுதி வாங்கிக்கொள்ள முடியவில்லை. இடையில் நின்று தடுத்தவர் ஒரு பெண்.

கணக்கில் வராத நன்கொடை

சுதந்திரம் கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. முழுநேர ஊழியர்களுக்கு வாரம் 10 டாலர். வரி போகக் கையில் வந்தது 9 டாலர் 64 சென்ட். அதுவும் எல்லா வாரமும் வராது. 1961-ல் நிர்வாகச் செயலாளராக வந்த ஜேம்ஸ் ஃபோர்மன்தான் அலுவலகம், அச்சு, நிதி என்று எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். அலுவலகத்தைப் பெருக்குவதும் தலைவர்களின் வேலைதான் என்று தானே துடைப்பத்தை எடுத்தவர் அவர்.

வாரம் 10 டாலரில் மிசிசிப்பியில் எப்படி வாழ முடிந்தது? அங்கிருந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் சோறு போட்டார்கள், படுக்க இடம் கொடுத்தார்கள், ராத்திரியில் காவலும் இருந்தார்கள். மாணவர்களுக்கு இடம் கொடுத்ததற்காக வேலையை இழந்தவர்களும் உண்டு, வீட்டில் குண்டு விழுந்தவர்களும் உண்டு. எந்த ரசீது புத்தகத்திலும் ஏறாத இந்த நன்கொடைதான் அந்த இயக்கத்தின் அஸ்திவாரம்.

அரிசிக்கும் ஓட்டுக்கும் உள்ள தொடர்பு

1962 அக்டோபர். மிசிசிப்பியின் லெஃப்ளோர் கவுண்டியில் கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார்கள் என்பதற்காக, மத்திய அரசின் இலவச உணவுப் பொருள் விநியோகத்தைக் கவுண்டி நிர்வாகம் நிறுத்தியது. ஏறக்குறைய 22,000 பேர் அதை நம்பியிருந்தார்கள். பருத்தி வேலை இல்லாத குளிர்காலம் வேறு. நம் ஊரில் ஊர்விலக்கம் செய்து, கடையில் சாமான் கொடுக்காதே என்று சொல்வார்களே, அதேதான்.

எஸ்.என்.சி.சி. வடக்கே இருந்த நகரங்களுக்கும் கல்லூரிகளுக்கும் சேதி அனுப்பியது. "இயக்கத்துக்கு உதவுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை. இந்தக் கவுண்டி, இத்தனை பேர், இந்தக் காரணம், இந்த உணவு, இந்த மருந்து என்று கேட்டார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களான ஐவன்ஹோ டொனால்ட்சனும் பெஞ்சமின் டெய்லரும் லாரியில் உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கிளார்க்ஸ்டேலில் போலீஸ் பிடித்தது. நன்கொடையாக வந்த மருந்துகளைக் காட்டிப் போதைப்பொருள் வழக்குப் போட்டது. வெளியே வந்த டொனால்ட்சன் மறுபடியும் லாரி ஓட்டினார். 1963 பிப்ரவரியில் நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரிகரி தனி விமானத்தில் சுமார் 14,000 பவுண்டு உணவைக் கொண்டுவந்து இறக்கினார்.

இதில் இன்னொன்றும் நடந்தது. உணவு வாங்க வரிசையில் நின்றவர்களில் பலர் அடுத்து நீதிமன்ற வாசலில் வாக்காளர் பதிவுக்கும் வரிசையில் நின்றார்கள். பட்டினி போட்டால் அடங்குவார்கள் என்று பார்த்த நிர்வாகத்துக்குக் கூட்டம்தான் கூடியது.

பாட்டும் உண்டியலும்

ஜார்ஜியாவின் ஆல்பனி நகரப் போராட்டத்தில் மக்கள் சிறைக்குள்ளும் பாடிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பாட்டையே ஊர் ஊராகக் கொண்டுபோனால் என்ன என்ற யோசனையில் 1962-ல் 'ஃப்ரீடம் சிங்கர்ஸ்' குழு உருவானது. கோர்டெல் ரீகன், பெர்னிஸ் ஜான்சன், ரூத்தா ஹாரிஸ், சார்லஸ் நெப்லெட் என்று நான்கு பேர். பாடகர் பீட் சீகரின் மனைவி டோஷி சீகர் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தார். ஒரே காரில் நெருக்கி உட்கார்ந்து, சுமார் 50,000 மைல் சுற்றினார்கள். கல்லூரி, தேவாலயம், வீட்டு முற்றம் எல்லாம் மேடை. பாட்டுக்கு நடுவே தெற்கில் நேற்று என்ன நடந்தது என்று சொல்வார்கள்.

பாடிவிட்டு, வசூலித்துவிட்டு, அப்படியே போய்விடவில்லை. போன இடங்களில் 'எஸ்.என்.சி.சி. நண்பர்கள்' குழுக்கள் வளர்ந்தன. ஒரு முறை காசு போட்டவரை இந்தக் குழுக்கள் விடாமல் பிடித்துக்கொண்டன. 'ஸ்டூடண்ட் வாய்ஸ்' என்ற செய்தித்தாள் அவர்கள் கைக்குப் போனது. யாராவது கைதானால் தொலைபேசி மூலம் சில மணி நேரத்தில் வடக்கே சேதி எட்டும். அங்கிருந்து பத்திரிகைகளுக்கும் நீதித் துறைக்கும் போன் பறக்கும், ஜாமீன் பணமும் வரும். கொடுத்தவருக்குத் தன் காசு எங்கே போனது என்று தெரிந்திருந்தது. அதனால் மறுபடியும் கொடுத்தார்.

நிபந்தனையோடு வந்த பணம்

1962-ல் வேறு வகைப் பணமும் வந்தது. 'வாக்காளர் கல்வித் திட்டம்' என்ற பெயரில் பெரிய அறக்கட்டளைகள் கொடுத்த பணம். கென்னடி அரசும் அதற்கு ஊக்கம் கொடுத்தது. மாணவர்கள் தெருவில் போராடுவதை விட்டு ஓட்டுப் பதிவில் இறங்கட்டும் என்பது அரசின் எண்ணம். இதை ஏற்பதா கூடாதா என்று 1961-லேயே எஸ்.என்.சி.சி. உடையும் நிலைக்குப் போனது. இரண்டு பிரிவாக இரண்டு வேலையும் நடக்கட்டும் என்று எல்லா பேக்கர்தான் சேர்த்து வைத்தார்.

1963 நவம்பரில் அந்தத் திட்டம் மிசிசிப்பிக்கான பணத்தை நிறுத்தியது. காரணம், பதிவான வாக்காளர் எண்ணிக்கை குறைவு! பதிவு செய்ய மறுத்தது வெள்ளை அதிகாரிகள். அடிபட்டதும் சுடப்பட்டதும் ஊழியர்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது 'பலன் குறைவு'. ஒடுக்குமுறை எங்கே அதிகமோ அங்கே எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். எண்ணிக்கை பார்த்துக் கொடுக்கும் பணம் அங்கிருந்துதான் முதலில் விலகும். இன்றைக்கும் திட்ட நிதியை நம்பி இயங்கும் அமைப்புகள் இதை ஒரு முறை படிக்க வேண்டும்.

அந்தப் பணம் போன பிறகுதான் 1964 மிசிசிப்பி கோடைக்காலப் பணி நடந்தது. வடக்கிலிருந்து வந்த தொண்டர்களிடம், ஜாமீனுக்கு ஆளுக்கு 500 டாலர் கொண்டுவரச் சொன்னார்கள். ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரும் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் கையிருப்பு தீர்ந்தபோது பாடகர் ஹாரி பெலஃபான்டே சில நாட்களில் 70,000 டாலர் திரட்டி, ஒரு மருத்துவர் பையில் ரொக்கமாக வைத்து, நடிகர் சிட்னி பாய்ட்டியேவோடு கிரீன்வுட்டுக்கு வந்தார். வழியில் கு கிளக்ஸ் கிளான் ஆட்கள் துரத்தினார்கள். பணம் போய்ச் சேர்ந்தது.

1966-ல் ஸ்டோக்லி கார்மைக்கேல் தலைவரானார். 'கறுப்பு அதிகாரம்' என்ற முழக்கம் எழுந்தது. அடுத்த ஆண்டு பாலஸ்தீனம் பற்றி அமைப்பின் இதழ் எழுதியது. வடக்கின் வெள்ளைத் தாராளவாதிகள் கொடுத்துவந்த பணம் வேகமாக வற்றியது. உள்சண்டை, களைப்பு, எஃப்.பி.ஐ. கண்காணிப்பு என்று வேறு காரணங்களும் சேர, சில ஆண்டுகளில் அமைப்பு கரைந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருக்குமே என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படிக் கேட்க மாட்டேன். பேச்சு மாறியபோது கூடவே நிற்கும் கொடையாளர் வட்டத்தை வளர்க்க அவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. அதுதான் என் வருத்தம்.

நம் பக்கம்

இது யாரோ கதை என்று நினைக்காதீர்கள். அலபாமாவின் லவுண்ட்ஸ் கவுண்டியில் எஸ்.என்.சி.சி. துணையோடு உருவான கட்சியின் சின்னம் கருஞ்சிறுத்தை. அந்தப் பெயரைத்தான் 1966-ல் ஓக்லாந்தின் பிளாக் பாந்தர் கட்சி எடுத்தது. அதைப் பார்த்து 1972-ல் பம்பாயில் தலித் பாந்தர்கள். அங்கிருந்து மதுரைக்கு வந்த சிறுத்தை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அதற்கும் முன்னால், 1927 மார்ச்சில் மகத். பதினைந்து வயதுப் பையன் முதல் எழுபது வயதுக் கிழவர் வரை, காய்ந்த ரொட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். குளம் இருக்கும் ஊரில் மாநாட்டுக்கான தண்ணீரை 40 ரூபாய் கொடுத்து விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. ரொட்டியும் நாற்பது ரூபாயும் நம் மக்கள் கூட்டிச் சேர்த்தவை. அதனால்தான் சவதார் குளத்தில் இறங்கும்போது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாணவனாக இருந்தபோது ஒரு தோழனின் கட்டணத்துக்காகப் பேருந்து நிலையத்தில் துண்டேந்தினோம். நல்ல வசூல். கணக்கு எழுதவில்லை. பணத்தை வைத்திருந்த நண்பன் மீது ஒரு வாரத்தில் வதந்தி கிளம்பியது. அவன் ஒரு பைசா தொடவில்லை என்பது எனக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் வழியில்லை. அவன் அமைப்பை விட்டே போனான். போலீஸோ நிர்வாகமோ செய்ய முடியாததை ஒரு ரசீது புத்தகம் இல்லாமல் நாங்களே செய்துகொண்டோம்.

ஆகவே தம்பிக்குச் சொன்னது இதுதான். எதற்கு, எவ்வளவு என்று உடைத்துக் கேளுங்கள். வக்கீல் செலவு இவ்வளவு, விடுதிக் கட்டணம் இவ்வளவு. ஒருவரின் சொந்தக் கணக்கில் பணம் போடாதீர்கள். இருவர் கையெழுத்து உள்ள கூட்டுக் கணக்கு வையுங்கள். வாரம் ஒரு முறை வரவு செலவை வெளியிடுங்கள். யாருக்காகக் கேட்கிறீர்களோ அவர்களிடம் கேட்காமல் படத்தையும் பெயரையும் போடாதீர்கள். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத அமைப்பு வெளிநாட்டுப் பணம் வாங்க முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் உறவினர் அனுப்பினாலும் அதே சட்டம்தான். உங்களை முடக்க ஒரு சாக்குத் தேடுகிறவர்களுக்கு அதை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். இணையத்தில் போடுவதற்கு முன் உங்கள் சேரியிலும் விடுதியிலும் கேளுங்கள். பத்து ரூபாய் கொடுத்தவர் நாளை உங்களோடு வாசலில் நிற்பார்.

"அந்தப் பெரியவர் பணம் அண்ணா?" என்று மறுபடியும் கேட்டார்.

"நிபந்தனை இல்லாமல் அவரும் ஐந்நூறு ரூபாய் போடட்டும், ரசீது கொடுங்கள்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வட்டத்தின் முதல் ரசீது. விடுதியில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் கொடுத்தது. தொகை ஐம்பது ரூபாய். பெரியவர் இன்னும் பதில் சொல்லவில்லையாம். அப்பீலை நான் எழுதவில்லை. அவர்களே எழுதிவிட்டார்கள், நன்றாகவே இருக்கிறது.

ஜெய்பீம்.