ஆணி என்று பெயர் பெற்ற பட்டை

இலத்தீன் மொழியில் ‘கிளாவுஸ்’ என்றால் ஆணி. மரத்தில் அறையும் ஆணிக்கும், ரோமாபுரியில் ஜுபிடர் கோயிற்சுவரில் வருஷத்துக்கு ஒன்றாக அடித்துக் காலத்தைக் கணக்கிட்ட ஆணிக்கும், கப்பலின் சுக்கானைத் திருப்பும் கைப்பிடிக்கும், நடப்பவனை வருத்தும் கால் ஆணிக்குங்கூட அந்த ஒரே சொல் வழங்கிற்று. பாதத்தில் தடித்து நோகும் தோலைக் கண்டு ரோமரும் தமிழரும் ஒரே உவமையை எண்ணினர் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. இவ்வாறு இரும்பிலும் மரத்திலும் வழங்கிய சொல், காலக்கிரமத்தில் ரோமரின் அங்கிமேல் ஏறி, இரு தோள்களிலிருந்தும் முன்னும் பின்னுமாக நேரே கீழிறங்கும் ஊதாப் பட்டைக்கும் பெயராகிவிட்டது.

அப்பட்டை அங்கே வெறும் அலங்காரம் அன்று. அகலமான பட்டை செனட் சபையினருக்கு உரியது. ஒடுங்கிய பட்டை அவர்களுக்கு அடுத்த படியில் நின்ற குதிரைவீரர் வகுப்பினருக்கு உரியது. செனட்டர்களின் புதல்வர் ஆண்மகனுக்குரிய மேலாடையை அணியும் பருவத்திலேயே அகன்ற பட்டையையும் அணியலாம் என்று அகஸ்டஸ் சக்கரவர்த்தி அனுமதித்த செய்தியை ரோமச் சரித்திர ஆசிரியர் சூட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். கவி ஓவிட், இளமையில் அணிந்த அகன்ற பட்டையை விடுத்து, பதவி ஆசையைத் துறந்து ஒடுங்கிய பட்டையோடு அமைந்ததைத் தம் வாழ்க்கையைக் கூறும் கவிதையில் நினைவுகூர்கிறார். பட்டையின் அளவு குறைந்தது என்றாலே, ஒருவர் வாழ்க்கையின் திசை மாறியது என்று ரோமர் அறிந்துகொண்டனர். கிரேக்கர் இதனை ‘ஸேமேயோன்’, அதாவது அடையாளம், என்றே சொன்னார்கள். அது பொருளை உடைத்துச் சொல்லும் பெயர். ஆயினும் ஆணி என்ற பெயரே எனக்கு ஆழமானதாகத் தோன்றுகிறது. ஏனெனில், பலகையை அதன் இடத்தில் நிறுத்துவது ஆணியின் தொழில் என்றால், மனிதனை அவனுடைய வரிசையில் நிறுத்துவது அந்தப் பட்டையின் தொழிலாக இருந்தது.

பின்னர் அந்த அதிகாரம் தளர்ந்தது. ரோமப் பேரரசின் பிற்காலத்தில் எகிப்து தேசத்துச் சாமானிய ஜனங்களும், அவர்களுடைய குழந்தைகளுங்கூட, பட்டையிட்ட அங்கியை அணிந்தார்கள். பட்டையோடு தோளிலும் முழங்காலருகிலும் வட்டங்களும் சதுரங்களும் சேர்ந்தன. வட்டத்துக்கு ‘ஆர்பிகுலுஸ்’, சிறு வட்டம், என்று பெயர். அதிகாரத்தை இழந்த பட்டை அழகைப் பெற்றது என்பதற்கு அந்த நெசவே சாட்சி.

அங்கியைத் துண்டு துண்டாக வெட்டித் தைக்கும் வழக்கம் அந்த நெசவாளரிடம் அதிகம் இல்லை. ஒரு கையின் விளிம்பில் தொடங்கி, உடம்பைக் கடந்து, மறு கையின் விளிம்பில் முடியுமாறு, சிலுவை வடிவில் முழு அங்கியையும் தறியிலேயே நெய்தார்கள். நெய்யும்போது குறுக்கே ஓடிய பட்டை, உடுத்தும்போது நெடுக்கே நின்றது இதனாலேதான். பாவு ஆளிச் செடியின் நாரால் ஆன நூல். ஆளிநார் சாயத்தை எளிதில் ஏற்காதாகையால், சித்திரம் வரவேண்டிய இடத்தில் மட்டும் சாயமிட்ட கம்பளி நூலை ஊடையாக்கி, அந்த ஊடையைத் துணியின் முழு அகலத்துக்கும் ஓடவிடாமல், தன் நிறத்துக்குரிய எல்லைவரை சென்று திரும்பச் செய்தார்கள். கடல் நத்தையின் ஊதாச் சாயம் பிரபுக்களுக்கே எட்டக்கூடியது. ஆகவே மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பையும் அவுரியின் நீலத்தையும் கூட்டி அந்த நிறத்தைச் சாமானியர் அடைந்தனர். அந்த ஊதாவின்மேல் மெல்லிய வெள்ளை ஆளிநூல் ஒன்றைத் தனியே ஓட்டி, முயலின் காதையும், திராட்சைக் கொடியின் நரம்பையும், நடனமாடுபவளின் விரலையும், எழுத்தாணியால் ஓலையில் கீறியதுபோல வரைந்த கைகளை எண்ணும்போது என் மனம் நெகிழ்கிறது.

கிறிஸ்தவம் பரவியபின் அதே இடத்தில் புனிதர்களும், யோசேப்பின் சரித்திரமும் வந்தமர்ந்தன. வேதக் காட்சிகளை உடையில் தாங்கி நடக்கும் செல்வரைக் கண்டு, கி.பி. 400-ஐ ஒட்டி வாழ்ந்த அமாசியா நகரத்து ஆயர் அஸ்டேரியஸ் மனம் நொந்து பிரசங்கித்தார். அவ்வாடைகளை விற்று, கடவுளின் உயிருள்ள சாயல்களாகிய மனிதரைப் போற்றுங்கள் என்பது அவர் வேண்டுகோள். ஆனாலும் பட்டை முற்றிலும் மறையவில்லை. மேலைத் திருச்சபையின் டீக்கன்மார் அணியும் தல்மாத்திக்கா என்ற உடையில், தோளிலிருந்து இறங்கும் அந்த இரு கோடுகள் நெடுங்காலம் நிலைத்தன.

இவ்வகை ஆடைச் சித்திரங்களுக்கு இலத்தீனில் ‘செக்மெந்தும்’ என்றும் ஒரு பெயர் உண்டு. வெட்டப்பட்ட துண்டு என்பது அதன் தாதுப்பொருள். அந்தப் பெயர் கொடிய முறையில் உண்மையாயிற்று. பிரேதத்தைப் பதப்படுத்தும் பழைய வழக்கம் ஓய்ந்தபின், எகிப்தியர் இறந்தோரை அவர்கள் உடுத்திய உடையோடு புதைத்தார்கள்; வறண்ட மணல் அவற்றைக் காத்தது. 1880-களில் அக்மீம் முதலிய இடங்களின் கல்லறைகள் தோண்டப்பட்டபோது, வியாபாரிகள் பட்டைகளையும் வட்டங்களையும் மட்டும் கத்தரித்து விற்று, சித்திரமற்ற ஆளித் துணியை அநேகமாக எறிந்துவிட்டனர். வியன்னா நகரத்து அருங்காட்சியகத்திலிருந்த எகிப்திய நெசவுகளுக்குக் கலை வரலாற்றறிஞர் அலோய்ஸ் ரீகல் 1889-இல் பட்டியல் வெளியிட்டபோது, ஐரோப்பாவெங்கும் இத்துண்டுகள் பரவியிருந்தன. அழகைச் சுமந்த உடல் அழிந்தது; அழகு மட்டும் கண்ணாடிப் பெட்டியில் தனித்துத் தொங்குகிறது. அரிதாக முழுமையாய்க் கிடைத்த குழந்தை அங்கிகள் சிலவற்றில், வளரும் பிள்ளைக்காகப் போலும், இடுப்பில் துணியை மடித்துத் தைத்திருக்கிறார்கள். அந்தத் தையல் இன்றும் பிரிக்கப்படாமலே இருக்கிறது.