ரொட்டியும் பிரபுவும்

இன்று முழு ரொட்டி ஒன்றைக் குறிக்கும் 'லோஃப்' என்னும் ஆங்கிலச் சொல், பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்' என்ற வடிவில் ரொட்டி என்ற உணவையே பொதுவாகச் சுட்டியது; ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் அவ்விடத்தை 'பிரெட்' பற்றிக்கொள்ள, பழஞ்சொல் சுட்டெடுத்த முழு ரொட்டிக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. ஆயினும் அதன் செல்வாக்கு மேட்டுக்குடிப் பட்டங்களில், எவரும் கவனியாத வகையில், தங்கிவிட்டது: 'லார்டு' என்பது ரொட்டியைக் காப்பவன் எனப் பொருள்படும் 'ஹ்லாஃப்வேர்டு' என்பதிலிருந்தும், 'லேடி' என்பது ரொட்டிக்கு மாவு பிசைபவளைக் குறித்த 'ஹ்லேவ்டியே' என்பதிலிருந்தும் தோன்றியவை என்பது அறிஞர் பொதுவாக ஏற்கும் கருத்து. தலைவனை அண்டி வாழ்ந்தவன் 'ஹ்லாஃபேட்டா', அதாவது ரொட்டி உண்பவன், எனப்பட்டான். அவனைக் கொன்றால் செலுத்தவேண்டிய ஈட்டுத்தொகை 6 ஷில்லிங் என, கென்ட் நாட்டு அரசன் ஏதல்பெர்ட்டின் 7ஆம் நூற்றாண்டுத் தொடக்கச் சட்டத்தொகுப்பு வரையறுக்கிறது.