கரையேறிய குர்சுரா

திருப்பதியில் இரவு திருமலா எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் விசாகப்பட்டினம். சித்தூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது, ஆர்.கே. கடற்கரை மணலில் நிற்கும் 91 மீட்டர் நீள நீர்மூழ்கிக் கப்பல் ஐ.என்.எஸ். குர்சுரா. 2002 ஆகஸ்ட் 9 அன்று அதை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தவர் சந்திரகிரிப் பக்கத்து நாராவாரிப்பள்ளிக்காரர், அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடு.

சோவியத் நாட்டின் ரீகா துறைமுகத்தில் 1969 டிசம்பர் 18 அன்று இந்தியக் கடற்படையில் சேர்ந்த கப்பல் இது. 1971 போரின்போது ரோந்து சென்றது. 31 ஆண்டு உழைத்து 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. ஓய்வு பெற்ற கப்பலுக்குப் பெரும்பாலும் காயலான் கடைதான் கதி. வைஸ் அட்மிரல் வினோத் பஸ்ரிச்சா அதற்கு விடவில்லை. கடலிலிருந்து இழுத்து, மணலுக்கு ஏற்றி, பீடத்தில் நிறுத்தி முடிக்க ஒன்றரை ஆண்டும் சுமார் ஐந்தரைக் கோடி ரூபாயும் ஆயின.

உள்ளே நுழைந்தால் குனிந்தே நடக்க வேண்டும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வட்டமான இரும்புத் துளை வழியே காலை முதலில் விட்டு, பிறகு தலையை நுழைக்க வேண்டும். சுவரெங்கும் குழாய்கள், வால்வுகள், அழுத்தமானிகள். டார்பிடோக்களின் பக்கத்திலேயே மாலுமிகளின் படுக்கை. எது எதற்கு என்று சொல்ல ஆளில்லாவிட்டால் இவ்வளவும் வெறும் இரும்புதான். இங்கே வழிகாட்டிகள் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். குர்சுராவின் உயிர் அவர்கள் பேச்சில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பழைய கப்பலுக்கு உயிரூட்டும் வேலையைத் தன்னார்வலர்கள் செய்கிறார்கள். அங்கே நிற்கும் பம்பானிட்டோ என்ற நீர்மூழ்கிக் கப்பலைத் தமிழர்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். 1944 செப்டம்பரில் மூழ்கடிக்கப்பட்ட ஜப்பானியக் கப்பல்களில், சயாம் மரண ரயில் பாதையில் வதைபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் இருந்தார்கள். அதே பாதையில்தான் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். கப்பல்களைத் தாக்கியவற்றுள் ஒன்றான பம்பானிட்டோவே மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து, எண்ணெயில் மிதந்துகொண்டிருந்த 73 பேரைத் தூக்கியெடுத்தது. அந்தக் கப்பலின் டீசல் என்ஜின்களைத் தன்னார்வலர்கள் மீண்டும் ஓடவைத்தார்கள். ரேடியோ அறையைப் பேசவைத்தார்கள். துருவைச் சுரண்டியபடியே கப்பலைக் கற்றுக்கொண்டார்கள்.

நம் பக்கத்தில் நடந்தது வேறு. குர்சுராவின் வகையைச் சேர்ந்த ஐ.என்.எஸ். வாக்லியை மாமல்லபுரத்தில் நிறுத்துவதாகத் திட்டம். அது சென்னைத் துறைமுகத்திலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அருங்காட்சியகம் வரவேயில்லை. கையெட்டும் தூரத்தில் வந்த வாய்ப்பு அப்படிப் போனது பெரிய இழப்பு.

சான் பிரான்சிஸ்கோ தன்னார்வலர்களைப் போலக் கூலி வாங்காமல் உழைப்பது திருப்பதிக்குப் புதிதல்ல. ஸ்ரீவாரி சேவை என்ற திருமலைக் கோயில் தொண்டில் பல ஊர்களிலிருந்தும் வந்து காய் நறுக்குகிறார்கள், சோறு பரிமாறுகிறார்கள், வரிசையை ஒழுங்குபடுத்துகிறார்கள். ஐ.ஐ.டி.யும் வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் இருக்கும் ஊர் இது. இயந்திரவியல் மாணவர்கள் விடுமுறையில் குர்சுராவுக்குப் போய் உப்புக்காற்று அரிக்கும் தகடுகளைக் கவனிக்கலாம். ரஷ்ய மொழிப் பலகைகளைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதலாம். அதற்கும் முன்னால் ஒரு ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். 1971இல் அந்தப் படுக்கைகளில் படுத்தவர்களுக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது.